கஸ்டர்டு பிஸ்கட் புட்டிங் சரியாக வரவில்லையா? கோளாறு எப்போது நேர்ந்தது என்று கண்டுபிடிக்கும் வழிமுறை

ஓவன் இல்லாத வீட்டில், விருந்தினர் வருவதற்கு முந்தைய இரவே செய்து வைக்கத் தோதான இனிப்பு என்றால், மேரி பிஸ்கட்டையும் வெனிலா கஸ்டர்டையும் மாறி மாறி அடுக்கி ஃப்ரிட்ஜில் இறுக வைக்கும் புட்டிங்கைத்தான் முதலில் சொல்ல வேண்டும். செய்முறை நான்கு வரியில் அடங்கிவிடும். அதில் நேரும் கோளாறுகள்தான் அப்படி அடங்குவதில்லை. அவற்றில் பெரும்பாலானவை அடுப்படியில் கழியும் பத்து நிமிடத்துக்குள் நேர்ந்துவிடுகின்றன; ஆனால் மறுநாள் ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதுதான் கண்ணில் படுகின்றன. அதனால் பலரும் ஃப்ரிட்ஜின் மேல் பழியைப் போட்டுவிட்டு, அடுத்த முறையும் அதே தவற்றைச் செய்கிறார்கள். கீழே ஒவ்வொரு அறிகுறியையும் எடுத்துக்கொண்டு, அது எந்தக் கட்டத்தில் நேர்ந்தது, இப்போது மீட்க முடியுமா, அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு வேண்டும் என்பதால், நான் பின்பற்றும் அளவை முதலில் தருகிறேன். 20 சென்டிமீட்டர் சதுரப் பாத்திரத்துக்கு 1 லிட்டர் பால், 75 கிராம் கஸ்டர்டு பவுடர் (தலைதட்டிய 9 மேசைக்கரண்டி), 150 கிராம் சர்க்கரை, 2 தேக்கரண்டி வெனிலா எசன்ஸ், சுமார் 35 மேரி பிஸ்கட், பிஸ்கட்டை நனைக்கத் தனியாக ஒரு கிண்ணம் பால். மொத்தப் பாலில் 150 மில்லியைக் குளிர்ந்த நிலையில் எடுத்து வைத்து அதில் பவுடரைக் கரைக்க வேண்டும். மீதிப் பாலைச் சர்க்கரையுடன் காய்ச்சி, கரைசலை ஊற்றிக் கிளறிக் கொதிக்கவிட வேண்டும்.

கஸ்டர்டு இறுகவே இல்லை, கரண்டியிலிருந்து வழிகிறது

எல்லாக் கோளாறுகளிலும் இதுவே அதிகம் நேர்வது. காரணங்களும் இதற்குத்தான் அதிகம். இரண்டாகப் பிரித்துக்கொண்டால் தேடுவது எளிது. அடுப்பில் இருந்தபோதே கெட்டியாகவில்லையா, அல்லது அடுப்பில் கெட்டியாக இருந்தது ஆறிய பிறகு நீர்த்துப்போனதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

அடுப்பிலேயே கெட்டியாகவில்லை என்றால், பவுடரின் அளவு போதவில்லை, அல்லது சூடு போதவில்லை. பல பெட்டிகளின் மேல் அச்சிட்டிருக்கும் அளவு, பழக் கலவையின் மேல் ஊற்றிச் சாப்பிடும் பதத்துக்கானது. அரை லிட்டர் பாலுக்கு 2 மேசைக்கரண்டி என்பது ஊற்றும் பதம். 3 என்பது கிண்ணத்திலிருந்து கரண்டியால் எடுத்துச் சாப்பிடும் பதம். கத்தியால் துண்டு போட்டுத் தட்டில் வைக்க வேண்டுமானால் 4 முதல் 4½ வரை தேவை. அளவு சரியாக இருந்தும் நீர்த்திருந்தால் கரைசல் இருந்த கிண்ணத்தின் அடியைப் பாருங்கள். பவுடர் என்பது பெரும்பாலும் சோளமாவுதான். அது குளிர்ந்த பாலில் கரைவதில்லை, மிதந்துகொண்டிருந்து ஓரிரு நிமிடத்தில் அடியில் படிந்துவிடும். கரைத்து வைத்துவிட்டுப் பால் காயும் வரை காத்திருந்து, மறுபடி கலக்காமல் அப்படியே ஊற்றினால், பாதி மாவு கிண்ணத்திலேயே தங்கிவிடும்.

சூடு போதாமைக்குப் பின்னால் ஒரு பழைய பயம் இருக்கிறது. முட்டை மஞ்சள் கருவில் செய்யும் கஸ்டர்டைக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். ஆகவே அதைக் கற்றவர்களும், அவர்களிடமிருந்து கேட்டவர்களும் 'கஸ்டர்டைக் கொதிக்கவிடாதே' என்றே சொல்வார்கள். நாம் வாங்கும் பவுடரோ, 1837இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஆல்ஃப்ரெட் பேர்ட் என்பவர், முட்டை ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக முட்டையே இல்லாமல் உருவாக்கிய வகையைச் சேர்ந்தது. அதில் திரிவதற்கு முட்டை இல்லை. மாறாக, மாவு முழுவதும் வேக வேண்டியிருக்கிறது. சோளமாவின் மணிகள் 62 முதல் 72 டிகிரி செல்சியஸுக்குள் உப்பத் தொடங்கினாலும், முழுமையாகக் கெட்டியாவது 95 டிகிரியை நெருங்கும்போதுதான். பாத்திரத்தின் ஓரத்தில் நுரை தெரிவதைக் கொதி என்று கொள்ளக் கூடாது. நடுவில் பெரிய குமிழிகள் எழுந்து வெடிக்க வேண்டும், அதன் பிறகும் சிறு தீயில் 2 நிமிடம் கிளற வேண்டும். பாத்திரத்தை இறக்கிவிட்டீர்கள், இன்னும் அடுக்கவில்லை என்றால் இதை மீட்பது எளிது: ஒரு மேசைக்கரண்டி பவுடரை 3 மேசைக்கரண்டி குளிர்ந்த பாலில் கரைத்து ஊற்றி, மறுபடியும் அதே கொதிக்குக் கொண்டுவாருங்கள்.

அடுப்பில் கெட்டியாக இருந்தது காலையில் நீர்த்திருக்கிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ருசி பார்த்த கரண்டியை. சாதத்தை வெகுநேரம் மென்றால் இனிக்கிறது அல்லவா, அதற்குக் காரணமான அமைலேஸ் என்னும் நொதி நம் எச்சிலில் இருக்கிறது; அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது. கொதிக்கும் கஸ்டர்டில் அது பிழைக்காது. வெதுவெதுப்பாக ஆறிய கஸ்டர்டில் நக்கிய கரண்டியைத் திரும்ப விட்டால், இரவு முழுவதும் அது வேலை செய்துகொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் ஒருமுறை பாத்திரத்தின் ஒரு மூலை மட்டும் குழம்பு போலவும் மற்ற மூன்று மூலைகள் கெட்டியாகவும் இருந்தன. அந்த மூலைப் பக்கம் யார் நின்றிருந்தார்கள் என்பது விசாரணையில் தெரியவந்தது. எச்சில் படக் கூடாது என்று பாட்டிமார்கள் சொன்னதற்கு இந்தப் பாத்திரத்தில் ரசாயனக் காரணமே இருக்கிறது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு ருசி பாருங்கள்.

மஞ்சள் கரு சேர்ப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. மஞ்சள் கருவிலும் அமைலேஸ் இருக்கிறது. சோளமாவும் மஞ்சள் கருவும் சேர்ந்த கஸ்டர்டை அரைகுறைச் சூட்டில் இறக்கினால் அது அடுத்த நாள் இளகிவிடும். மாவு கலந்திருக்கும்போது மஞ்சள் கரு கொதியை ஓரளவு தாங்கும் என்பதால், கிளறிக்கொண்டே துணிந்து கொதிக்கவிடலாம்.

மற்றொரு காரணம் கையின் வேகம். ஆறி இறுகிய கஸ்டர்டைப் பீட்டராலோ மிக்ஸியாலோ அடித்தால், அதற்குள் உருவான வலை அறுந்துபோகும். அது மீண்டும் பழைய இறுக்கத்துக்கு வராது. 'கிரீம் போல வரட்டும்' என்று அடிக்கச் சொல்லும் செய்முறைகள் கிண்ணத்தில் பரிமாறுவதற்குப் பொருந்தும், துண்டு போடுவதற்குப் பொருந்தாது. எலுமிச்சைச் சாறு, தயிர் போன்ற புளிப்பான பொருள்களைக் கஸ்டர்டோடு சேர்த்துக் கொதிக்க வைப்பதும் மாவின் பிடியைத் தளர்த்தும்; வேண்டுமானால் இறக்கிய பின் சேருங்கள்.

இவை எதுவும் இல்லை என்றால் பொறுமைதான் போதவில்லை. இந்த அளவு பாத்திரத்துக்கு ஃப்ரிட்ஜில் குறைந்தது 6 மணி நேரம் வேண்டும். சாம்பார், மாவுத் தூக்கு, காய்கறி என்று நெருக்கி அடைத்த ஃப்ரிட்ஜில் குளிர்காற்று சுற்றாது என்பதால் இன்னும் அதிக நேரம் ஆகும்.

கட்டி கட்டியாக இருக்கிறது

பவுடரைச் சூடான பாலில் நேராகப் போட்டிருப்பீர்கள், அல்லது வெதுவெதுப்பான பாலில் கரைத்திருப்பீர்கள். மாவு உருண்டையின் வெளிப்புறம் உடனே வெந்து பசையாகி, உள்ளே இருக்கும் உலர்ந்த மாவுக்குப் பால் போகாமல் தடுத்துவிடுகிறது. பிறகு எவ்வளவு கிளறினாலும் அது கரையாது. சூடாக இருக்கும்போதே கண்ணெருக்கமான வடிகட்டியில் கரண்டியின் பின்புறத்தால் அழுத்தி வடித்துவிடுங்கள். வடிகட்டியில் தங்கியது அதிகமாக இருந்தால் அந்த அளவுக்கு மாவு குறைந்துவிட்டது என்று பொருள், ஆகவே மேலே சொன்னபடி ஒரு மேசைக்கரண்டி சேர்த்து மறுபடி கொதிக்கவிடுங்கள். கரைசலை ஊற்றும் நேரத்தில் தீயைக் குறைத்துக்கொண்டு, ஒரு கையால் ஊற்றி மறு கையால் கிளறினால் கட்டி விழாது.

பச்சை மாவு வாடை, அல்லது நாக்கில் மணல் போன்ற நரநரப்பு

வேகவில்லை. அடுக்கிய பிறகு இதற்கு மாற்று கிடையாது.

அடிப்பிடித்த வாசனை

வாசனை வந்த நொடியில் கிளறுவதை நிறுத்துங்கள். சுரண்டாமல், மேலே இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு ஊற்றி அங்கே தொடருங்கள். அடியில் பழுப்பாகப் பிடித்ததைக் கரண்டியால் கிளப்பிவிட்டால் எந்த எசன்ஸாலும் அந்த வாசனையை மறைக்க முடியாது. எவர்சில்வர் பாத்திரத்தின் மெல்லிய அடிதான் பெரும்பாலும் காரணம். அடிகனமான பாத்திரம் இல்லாதவர்கள் பழைய தோசைக்கல்லை அடுப்பின் மேல் வைத்து, அதன் மேல் பாத்திரத்தை வைத்துக் காய்ச்சலாம்.

மேலே ஏடு படிந்து, அடுக்கும்போது தோல் தோலாக வருகிறது

ஆறும்போது மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகிப் போக, பாலின் புரதமும் மாவும் சேர்ந்து தோலாகின்றன. தட்டால் மூடினால் ஏடு குறையும், ஆனால் தட்டில் முத்துமுத்தாகச் சேரும் நீர் கஸ்டர்டில் சொட்டும். கஸ்டர்டின் மேற்பரப்பையே தொடும்படி பட்டர் பேப்பரையோ உணவுக்கான ஒட்டும் தாளையோ விரித்து வைப்பதுதான் சரியான வழி. ஏற்கெனவே ஏடு படிந்துவிட்டால் அதை உள்ளே கிளறிவிடாதீர்கள், சுருட்டி எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்த ஏட்டுக்குப் போட்டியே உண்டு.

அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன, அல்லது பிஸ்கட் மேலே மிதந்து வந்துவிட்டது

இதற்குச் சூட்டின் அளவே காரணம். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கஸ்டர்டு இன்னும் நீர்மமாகவே இருப்பதால் பிஸ்கட்டைத் தூக்கிவிடும், அதை ஊறவைத்துக் கரைத்தும்விடும். முழுவதும் ஆறவிட்டு எடுத்தால் திட்டுத் திட்டாக விழுந்து, பரப்பும்போது கீழ் அடுக்கை இழுத்துக்கொண்டு வரும். விரலை வைத்தால் பொறுக்கும் சூடு, அதாவது 45 முதல் 50 டிகிரி, அடுக்குவதற்கு ஏற்றது. பாத்திரத்தின் அடியில் முதலில் இரண்டு கரண்டி கஸ்டர்டை மெல்லிய பூச்சாகத் தடவி, அதன் மேல் பிஸ்கட்டை அடுக்கினால் அது பசை போல் பிடித்துக்கொள்ளும், மிதக்காது. ஊற்றும்போது உயரத்திலிருந்து ஊற்றாமல், ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகின் மேல் ஊற்றுங்கள்.

வெனிலாவுக்கு மேல் சாக்லேட் அடுக்கு போடுபவர்கள், முதல் அடுக்கை ஃப்ரிட்ஜில் 20 நிமிடம் வைத்து, தொட்டால் விரலில் ஒட்டாத நிலை வந்த பிறகு அடுத்ததை ஊற்ற வேண்டும். மணிக்கணக்கில் வைத்து முழுவதும் இறுகவிட்டால் இரண்டும் ஒட்டாமல், வெட்டும்போது மேல் அடுக்கு தனியாக வழுக்கிக்கொண்டு போகும்.

பிஸ்கட் கூழாகிவிட்டது, அல்லது நடுவில் மொறுமொறுப்பாகவே இருக்கிறது

மேரி பிஸ்கட் உலர்ந்தது, கொழுப்புக் குறைந்தது; ஆகவே வேகமாக உறிஞ்சும். ஆறிய பாலில் முக்கி, ஒன்று, இரண்டு என்று எண்ணும் நேரத்தில் எடுத்துவிட வேண்டும். எடுக்கும்போது அது இன்னும் விறைப்பாகத்தான் இருக்கும்; மீதி ஈரத்தை இரவு முழுவதும் கஸ்டர்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். சூடான பாலிலோ காபி டிகாக்‌ஷனிலோ முக்கினால் பாதி நேரமே போதும். நமத்துப்போன பாக்கெட்டாக இருந்தால் முக்கவே வேண்டாம், பாலைத் தொட்டுத் தடவினால் போதும்.

இலங்கையில் பிஸ்கட் புட்டிங் என்று செய்வதைப் பார்த்து அதே நேரக் கணக்கை இங்கே கொண்டுவருபவர்கள் ஏமாறுவார்கள். அங்கே மேரி பிஸ்கட்டுக்கு நடுவே வைப்பது பெரும்பாலும் வெண்ணெயும் ஐசிங் சர்க்கரையும் கொக்கோவும் சேர்த்துக் குழைத்த கலவை. அதில் பிஸ்கட்டுக்குக் கொடுக்க நீர் அதிகம் இல்லை என்பதால் பிஸ்கட்டை நன்றாகவே நனைக்கலாம். கஸ்டர்டோ பெரும்பகுதி பால்.

நடுவில் மொறுமொறுப்பாக இருந்தால் குற்றம் ஒன்றும் இல்லை, நேரம்தான் போதவில்லை. மூடி, இன்னும் நான்கு மணி நேரம் ஃப்ரிட்ஜில் விடுங்கள். கூழாகிப்போனதைத் துண்டு போட முயலாமல், கண்ணாடிக் கோப்பைகளில் கரண்டியால் எடுத்துப் போட்டு, மேலே வறுத்த முந்திரித் தூளைத் தூவிப் பரிமாறிவிடுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள்.

நீர் கோத்து நிற்கிறது

எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மேற்பரப்பில் மட்டும் துளித்துளியாக நின்றால், சூடு ஆறும் முன் மூடி போட்டிருக்கிறீர்கள். மெல்லிய துணியின் நுனியாலோ டிஷ்யூ தாளாலோ ஒற்றி எடுத்துவிட்டால் போதும். பழத் துண்டுகளைச் சுற்றி நின்றால், சர்க்கரை பழத்திலிருந்து சாற்றை இழுத்திருக்கிறது. பழத்தை நறுக்கி 15 நிமிடம் வடிகட்டியில் வைத்து, ஈரத்தைத் துடைத்த பிறகு அடுக்க வேண்டும், அல்லது பரிமாறும் நேரத்தில் மேலே வைக்க வேண்டும். அடியில் தேங்கி, கஸ்டர்டும் ஓட்டை ஓட்டையாகப் பஞ்சு போல இருந்தால், சீக்கிரம் இறுகட்டும் என்று யாரோ ஃப்ரீசரில் வைத்திருக்கிறார்கள். பனிக்கட்டி மாவின் வலையைக் குத்திக் கிழித்துவிடுகிறது. உருகும்போது வலைக்குள் இருந்த நீர் வெளியே வந்துவிடும். அதைத் திரும்பச் சேர்க்க இயலாது. குளிர்ந்த பாலோடு மிக்ஸியில் அடித்து மில்க் ஷேக்காகக் குடிப்பதே அதற்கு நல்ல முடிவு.

ஒரு துண்டு வெட்டி எடுத்த இடத்தில் மறுநாள் சிறிது நீர் சேர்வது எந்தச் சோளமாவுக் கஸ்டர்டிலும் நடப்பதுதான். அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

கிரீம் அடுக்கு நுரைக்கவே இல்லை

அட்டைப் பெட்டியில் வரும் சாதாரண ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு சுமார் 25 சதவீதமே இருக்கும். அதை மணிக்கணக்கில் அடித்தாலும் முகடு நிற்காது. குறைந்தது 30 சதவீதம், நம்பிக்கையாக வேண்டுமானால் 35 சதவீதம் கொழுப்புள்ள விப்பிங் கிரீம் தேவை. அதையும் நம் ஊர் வெயிலில் அடிக்கும்போது, கிண்ணத்தையும் பீட்டர் கம்பிகளையும் முன்கூட்டியே குளிர வைத்திருக்க வேண்டும். ஐஸ் கட்டிகள் போட்ட பெரிய பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து அடிப்பது இன்னும் நல்லது. ஃப்ரெஷ் கிரீம்தான் கையில் இருக்கிறது என்றால், நுரைக்க முயலாமல் அரைக் கோப்பையை ஆறிவரும் கஸ்டர்டிலேயே கலந்துவிடுங்கள்; சுவை கூடும்.

ஜெல்லி அடுக்கு இறுகவில்லை, அல்லது கஸ்டர்டு கசக்கிறது

வேகவைக்காத அன்னாசி, பப்பாளி, கிவி ஆகியவற்றில் புரதத்தை உடைக்கும் நொதிகள் இருக்கின்றன. ஜெலட்டின் ஒரு புரதம் என்பதால் இந்தப் பழங்கள் பட்டால் அது இறுகாது. பாலின் புரதமும் உடைவதால் சில மணி நேரத்தில் கஸ்டர்டில் கசப்பு தட்டும். பழத்தைச் சர்க்கரை சேர்த்து 5 நிமிடம் கொதிக்க வைத்து ஆறவிட்டால் நொதி செயலிழந்துவிடும். டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடு கண்டது என்பதால் நேராகச் சேர்க்கலாம்.

சைனா கிராஸ் என்று கடைகளில் கேட்டு வாங்கும் கடல்பாசி புரதம் இல்லை என்பதால் இந்த நொதிகள் அதை ஒன்றும் செய்யா. அதன் சிக்கல் வேறு: அது முழுவதும் கரையக் கொதிக்க வேண்டும், 40 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் பாத்திரத்திலேயே இறுகத் தொடங்கிவிடும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கஸ்டர்டில் குழி பறிக்கும். 50 டிகிரி அளவில், மேலே சொன்ன கரண்டி முதுகு முறையில் ஊற்றுங்கள். அது பிரிந்து வழுக்காமல் இருக்க, இறுகிய கஸ்டர்டின் மேற்பரப்பை முள்கரண்டியால் இலேசாகக் கீறிவிட்டு ஊற்றினால் பிடிப்பு கிடைக்கும். அரை லிட்டர் நீருக்கு 5 கிராம் கடல்பாசி போதும். நம் ஊர் வெப்பத்தில் மேசை மேல் வைத்துப் பரிமாற வேண்டியிருந்தால் நான் கடல்பாசியையே தேர்ந்தெடுப்பேன். ஜெலட்டின் 35 டிகிரிக்குள்ளாகவே உருகிவிடும், சித்திரை மாதத்து மதிய விருந்தில் அது பத்து நிமிடம்கூடத் தாங்காது.

வெனிலா வாசனையே இல்லை, ஃப்ரிட்ஜ் வாசனைதான் வருகிறது

எசன்ஸைக் கொதிக்கும் பாலில் விட்டால் வாசனை ஆவியோடு போய்விடும். அடுப்பை அணைத்து, 5 நிமிடம் கழித்துச் சேருங்கள். வாசனை போதவில்லை என்று அளவைக் கூட்டினால் கசப்புத்தான் வரும். பால் கொழுப்பு அக்கம்பக்கத்து வாசனையை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால், நறுக்கிய வெங்காயமோ கருவாடோ இருக்கும் ஃப்ரிட்ஜில் திறந்து வைக்கக் கூடாது. ஆறிய பிறகு இறுக்கமான மூடி போடுங்கள்.

வாழைப்பழம் கறுத்துவிட்டது

காற்றுப் பட்டதால் கறுத்தது, கெட்டுப்போகவில்லை. எலுமிச்சைச் சாற்றில் புரட்டி, கஸ்டர்டுக்குள் முழுவதும் மூடும்படி நடு அடுக்கில் வையுங்கள்.

இரவில் மின்சாரம் போய்விட்டது

திறக்காத ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சியைத் தக்கவைத்துக்கொள்ளும். அதற்குள் மின்சாரம் வந்துவிட்டால் பயமில்லை. பாலும் மாவும் சேர்ந்த பண்டம் என்பதால், ஃப்ரிட்ஜுக்கு வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அறையின் வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருந்தால் 1 மணி நேரமே எல்லை. அந்த எல்லையைத் தாண்டியது முகர்ந்து பார்க்க நன்றாகவே இருக்கலாம், மறுபடி குளிரவைத்தால் இறுகவும் செய்யலாம்; இருந்தாலும் குழந்தைகளுக்குக் கொடுக்காமல் கொட்டிவிடுங்கள். எந்தக் கோளாறும் இல்லாமல் வந்த புட்டிங்கைக்கூட நான் மூன்றாம் நாளுக்கு மேல் வைப்பதில்லை.